டோரதி இன்றைக்கு என்ன நிறம்

சேசு மரி சூசை

தொம்மலூர், பெங்களூர்
20 ஜனவரி 1957

சேசுவுக்குள் பிரியமுள்ள அக்கா சிஸ்டர் அல்போன்சா அவர்களுக்குத் தங்கை ஜோசஃபின் பணிவாய் எழுதிக்கொள்வது.

சர்வேசுரன் கிருபையால் நான், அவர், டோரதி எல்லாரும் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? இந்த லெட்டரை மதர் அம்மாள் படித்துவிட்டுத்தான் உங்கள் கையில் தருவார்கள். அவர்களுக்கும் என் தோத்திரம்.

டோரதியை உங்கள் மடத்துப் பிள்ளைகள் விடுதியில் சேர்க்க முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார் அவர். வாய் பேசாத பிள்ளைகளும் புத்தி மந்தமான பிள்ளைகளும் அங்கே இருப்பதாக நீங்கள் முன்பு சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயசு முடிந்துவிட்டது. சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். கேட்டதற்குப் பதில் வராது. ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள். சத்தம் கேட்டால் கையைக் கடித்துக்கொள்வாள். நீங்கள் அறிந்ததுதான்.

மே மாதம் இந்த வயசுப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவளையும் ஞானோபதேச வகுப்பில் விட்டிருந்தேன். போன ஞாயிறு உபதேசியார் சில்வெஸ்டர், "பாவம் என்றால் என்ன?" என்று கேட்டாராம். இவளும், "பாவம் என்றால் என்ன?" என்றாளாம். "நான்தான் கேக்கறேன், நீ சொல்லு" என்றால், "நான்தான் கேக்கறேன், நீ சொல்லு." பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். உபதேசியார் அவளைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். "அம்மா, இது கிளிப்பிள்ளை. கிளிக்கு யாரும் நன்மை குடுக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவள் நாள் முழுக்க மெல்ல எதையாவது முனகிப் பாடிக்கொண்டே இருப்பாள். அங்கே அதற்கு அதட்டுவார்களா?

உங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளவும்.

கீழ்ப்படிதலுள்ள தங்கை,
ஜோசஃபின்


மடம், திண்டுக்கல்
30 ஜனவரி 1957

அன்புள்ள தங்கச்சி ஜோசஃபினுக்கு, தேவமாதாவின் அடைக்கலத்தில் நீங்கள் யாவரும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

மூட்டு வலி இருக்கிறது. படி ஏறுவதில்லை, அவ்வளவுதான். உன் குழந்தை சவரியை நினைத்து நீ அழுதுகொண்டிருக்கிறாயோ என்பதே எனக்குக் கவலை. அக்டோபரில் தந்தி வந்தபோது அடக்கத்துக்கு வர எங்கள் ஒழுங்கு இடம் கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை, ஒரு வயசுகூட ஆகாதவன், நேராக மோட்சத்தில் சம்மனசுகளோடு இருக்கிறான். அவனுக்காக அழுவது விசுவாசக் குறைவு. நீ படித்தவள் இல்லாவிட்டாலும் புத்தகம் வைத்து நீயாகவே எழுத்துக் கூட்டிக் கற்றவள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விடுதி விஷயம் மதர் அம்மாளிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டார்கள், எனக்கும் அதே கேள்விதான். ஒன்பது வருஷம் வளர்த்த மகளை அனுப்ப ரெமிஜியஸ் இப்போது ஏன் அவசரப்படுகிறார்? நீ காரணம் எழுதவில்லை.

சேசுவுக்குள் உன் அக்கா,
சி. அல்போன்சா


தொம்மலூர்
19 பிப்ரவரி 1957

பிரியமுள்ள அக்காவுக்கு, தோத்திரம். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

நான் அழவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். அடக்கத்தன்று எல்லாரும் அழக்கூடாது என்றார்கள், சரி என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அழுகை வரவும் இல்லை. சோறு வேகிறது. செபமாலை தவறுவதில்லை. சாயங்காலம் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன், கூட்டல் பிசகுவதில்லை. போன வாரம் கொதிக்கிற குண்டான் கையில் பட்டது. தோல் உரிந்ததைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது.

காரணம் கேட்டிருந்தீர்கள். அடக்கத்தன்று பெட்டியைக் கோயிலில் வைத்தபோது டோரதி கைதட்டிக்கொண்டு பாடினாள். சேசு பிறந்த நத்தார் திருநாளுக்குப் பாடுகிற பாட்டு, சத்தமாக. சிரித்த முகம். நான் வாயைப் பொத்தினால் கையை விலக்கிவிட்டுப் பாடினாள். கல்லறை வரைக்கும் பாடினாள். அங்கே அவர் அவளை அடித்துவிட்டார். "தம்பி செத்துக் கிடக்கறான், பாட்டு பாடறா. இவளுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாது" என்றார். அன்றிலிருந்து அவள் இருக்கிற அறையில் அவர் சாப்பிடுவதில்லை. ஃபாக்டரியிலிருந்து வந்தால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வெளியிலேயே இருக்கிறார்.

நான் ஒரு காரியம் செய்து பார்க்கிறேன். அக்கா, டோரதிக்குக் கோயிலில் பிடித்தது சாமியாரின் பூசை உடுப்பு. இன்றைக்குப் பச்சையா, சிவப்பா, ஊதாவா, வெள்ளையா என்று பார்க்கத்தான் அவள் காலைப் பூசைக்கு ஓடி வருகிறாள். ஒருநாள் சாமியார் தப்பான நிறம் போட்டுவிட்டார் என்று அவள் கூச்சல் போட, கோயில்பிள்ளை காலண்டரைப் பார்த்து, "அட, பாப்பா சொல்றதுதான் சரி" என்றார்.

அதனால் தையல் மிச்சத்தில் ஒவ்வொரு நிறத்திலும் துணி வெட்டினேன். வெள்ளை சந்தோஷம். ஊதா துக்கம். சிவப்பு கோபம். சும்மா இருந்தால் பச்சை. வீட்டுப் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆளுக்கொரு ஆணி அடித்து, அவரவர் நிறத்தை அவரவர் மாட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கறுப்பு வெட்டவில்லை.

"வீட்டைப் பூசை உடுப்பு அலமாரி ஆக்கிட்டியா?" என்றார் அவர்.

பாட்டு முனகுவதற்கு அதட்டுவார்களா என்று கேட்டிருந்தேன்.

தங்கை,
ஜோசஃபின்


மடம், திண்டுக்கல்
1 மார்ச் 1957

அன்புள்ள தங்கச்சிக்கு, சுகம்.

நீ எழுதியதைப் படித்து மனம் கனத்தது. பிள்ளை அறியாமல் செய்தாள் என்று ரெமிஜியஸுக்குப் பொறுமையாகச் சொல்.

விடுதியில் ஜூன் மாதம் ஓர் இடம் காலியாகும். கட்டில், பாய், இரண்டு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சி. சுற்றுச்சுவர் உயரமாகக் கட்டியிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை பெற்றோர் வந்து பார்க்கலாம்.

வரும் புதன் விபூதித் திருநாள். தபசுகாலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வருகிற கடிதங்கள் மதர் அம்மாளின் மேசையில் இருக்கும். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு தருவார்கள். அதுவரை செபத்தில் சந்திப்போம்.

சி. அல்போன்சா


தொம்மலூர்
21 மார்ச் 1957

பிரியமுள்ள அக்காவுக்கு,

இது மேசையில் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரிடமும் பேசாதது போல் இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம்.

துணி வேலை செய்கிறது. முதலில் "கோபம் சிவப்பு" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன், அவளும் அதையே திருப்பிச் சொன்னாள். பிறகு உடம்பைக் காட்டினேன். காது சூடானால், கை இறுகினால், சிவப்பு. தொண்டை அடைத்தால் ஊதா. கால் தானாகக் குதித்தால் வெள்ளை. அவர் வந்து தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கும்போது, "பார், அப்பா சிவப்பு" என்றேன். அவள் தாடையை மட்டும் பார்த்தாள். கண்ணைப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன திங்கள் ஃபாக்டரிச் சங்கு ஊதியது. வழக்கமாகக் கையைக் கடிப்பாள். அன்றைக்கு ஓடிப்போய்ச் சிவப்பை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடிக்கவில்லை. பால் ஊற்ற வந்த கோவிந்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனம்மா, பாப்பா ரயிலை நிறுத்தறாளா?" என்றார். இப்போது வரும்போதெல்லாம், "பாப்பா, நான் இவத்து யாவ கலரு?" என்று கன்னடம் கலந்து தன் இன்றைய நிறத்தைக் கேட்கிறார். இவள் அவர் தாடையைப் பார்த்து, "பச்சை" என்கிறாள். "அய்யோ, எப்பவும் பச்சையா? ஒரு தடவை வெள்ளை குடேன்" என்று கெஞ்சுகிறார்.

என் ஆணியிலும் பச்சைதான் மாட்டியிருக்கிறேன்.

பங்குச் சாமியார் அப்பாதுரை சாமியிடம் போய்க் கேட்டேன். "ஜோசஃபின், செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாம புதுநன்மை இல்லை. மனஸ்தாபம் இல்லாம பாவசங்கீர்த்தனம் இல்லை. செஞ்சதுக்கு மனசு வருந்தணும். மனப்பாடமா ஒப்பிச்சா போதாது" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "சாமியார் அவளுக்கு நன்மை குடுத்தா இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா ஜூன்ல திண்டுக்கல்" என்றார். அவர் அவளைப் பற்றி என்னோடு பேசியது அக்டோபருக்குப் பிறகு இதுதான் அதிகம்.

ஜோசஃபின்


தொம்மலூர்
9 ஏப்ரல் 1957

அக்கா,

சுகம். இந்த மாதத்திலிருந்து நயா பைசா வந்துவிட்டது. கணக்கில் அணாவையும் பைசாவையும் சேர்த்து எழுதிக் குழம்புகிறேன். அதைச் சொல்ல எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வருஷாவருஷம் தபசுகாலக் கடைசியில் செய்வதுபோல், கோயிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். டோரதி ஒவ்வொரு பீடமாகப் போய் நின்றாள். "மாதாவுக்கு ஊதா. சூசையப்பருக்கு ஊதா. அந்தோணியாருக்கு ஊதா. எல்லாருக்கும் துக்கம்" என்றாள். நான், ஆமாம், சேசுநாதர் பாடுபட்டுச் சாகப்போகிறார், அதனால் துக்கம் என்றேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆணிகளுக்கு முன்னால் நின்றாள். பிறகு, "தம்பி செத்தான். சாமி வெள்ளை போட்டார். வெள்ளைன்னா பாட்டு" என்றாள்.

அக்கா, பெரியவர்கள் அடக்கத்துக்குத்தானே கறுப்பு. குழந்தைக்கு, மோட்சம் போய்விட்டான் என்று வெள்ளை. அப்பாதுரை சாமி அன்றைக்கு வெள்ளை உடுப்புதான் போட்டிருந்தார், பெட்டிமேலும் வெள்ளைத் துணி. நத்தாருக்கு வெள்ளை, உயிர்ப்புக்கு வெள்ளை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோயில் பாடச் சொன்னது, பாடினாள். அழாதே என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் சொன்னதும் அதுதான். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன், அவள் வாயைத் திறந்து கேட்டாள்.

"வெள்ளை சரியா?" என்றாள். அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று சொல்ல நான் யார்? அவள் தன் தொண்டையைத் தொட்டு, "இங்கே" என்றாள். ஊதாவை எடுத்து மாட்டினாள். மூன்று நாளாக அதை மாற்றவில்லை. முனகலும் இல்லை.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "சங்கிலி காஞ்சு போச்சு" என்றார். விட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார்.

என் ஆணியிலிருந்த பச்சையை எடுத்துவிட்டேன். வேறு எதை மாட்டுவது என்று தெரியவில்லை.

ஜோசஃபின்


மடம், திண்டுக்கல்
24 ஏப்ரல் 1957

அன்புள்ள தங்கச்சிக்கு, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து.

உன் இரண்டு கடிதங்களும் ரெமிஜியஸின் கடிதமும் திங்களன்று சேர்ந்து கிடைத்தன. மார்ச் கடைசியில் அவர் மதர் அம்மாளுக்கே நேராக எழுதியிருக்கிறார். உனக்குச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மதர் அம்மாள் இடத்தை உறுதி செய்துவிட்டார்கள். ஜூன் முதல் வாரம் கொண்டுவந்து விடலாம்.

விடுதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுத்தமான இடம். ஒழுங்கான இடம். இங்கே பிள்ளைகள் மிகவும் அமைதியாக இருக்கிறார்கள்.

சவரியின் அடக்கத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஜனவரியில் நான் உனக்கு எழுதியது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டு வலி பரவாயில்லை.

சி. அல்போன்சா


தொம்மலூர்
8 மே 1957

பிரியமுள்ள அக்காவுக்கு, தோத்திரம்.

அவர் எழுதியது எனக்குத் தெரியாது. நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

அப்பாதுரை சாமி டோரதியைப் பரீட்சித்தார். உபதேசியார் சில்வெஸ்டரும் பிரம்புக் குச்சியோடு பக்கத்தில் நின்றார். "மனஸ்தாபம்னா என்னம்மா?" என்று சாமி கேட்டார். "மனஸ்தாபம்னா என்னம்மா?" என்றாள். உபதேசியார், "நான் சொல்லலே சாமி?" என்றார். எனக்கு வெட்கத்தைப் பார்க்க நேரமில்லை. "டோரதி, மனஸ்தாபம் என்ன நிறம்?" என்று குறுக்கே கேட்டேன்.

"ஊதா."

"எங்கே இருக்கு?"

தொண்டையைத் தொட்டாள்.

"இருபத்தஞ்சாம் தேதி சனிக்கிழமை மத்தப் பிள்ளைங்களோட பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பு. அங்கே அவளா என்ன சொல்றாளோ, அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார் சாமி. அன்றைக்குச் சரியென்றால் முப்பதாம் தேதி, ஆண்டவர் மோட்சத்துக்கு எழுந்தருளின திருநாளில், புதுநன்மை.

இதிலும் ஒரு சிக்கல். புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை கவுனைப் போட மாட்டேன் என்கிறாள். தலைவழியாக மாட்டினால் கிழிக்கப் பார்க்கிறாள். "வெள்ளை பொய்" என்கிறாள். இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா, அவள் முனகிப் பாடினால் அங்கே அதட்டுவார்களா என்று ஜனவரியிலும் கேட்டேன், பிப்ரவரியிலும் கேட்டேன். நீங்கள் கட்டிலைப் பற்றி எழுதினீர்கள், சுவரைப் பற்றி எழுதினீர்கள், அமைதியைப் பற்றி எழுதினீர்கள். இதற்கு மட்டும் பதில் இல்லை. மறந்திருக்க மாட்டீர்கள்.

ஜோசஃபின்


மடம், திண்டுக்கல்
17 மே 1957

அன்புள்ள தங்கச்சி ஜோசஃபினுக்கு, நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்டதைப் படித்தேன். மதர் அம்மாளும் படித்தார்கள்.

விடுதிக்கு வரும் பிள்ளை கொண்டுவர வேண்டியவை: கவுன்கள், ஒரு போர்வை, ஒரு தட்டு. எல்லா உடுப்பிலும் பிள்ளையின் எண்ணைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். டோரதிக்குக் கொடுத்த எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை எழுத மறந்துவிட்டேன். நீ இன்னும் தைக்க ஆரம்பிக்கவில்லை என்றால், அவசரப்பட வேண்டாம்.

அவசரமே பட வேண்டாம், ஜோசஃபின்.

உன் அக்கா,
அல்போன்சா


தொம்மலூர்
31 மே 1957

பிரியமுள்ள அக்காவுக்கு,

உங்கள் லெட்டர் கிடைத்தது. புரிந்தது. நான் தைக்கவில்லை.

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். சாமி உள்ளே உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஒரு பக்கம் பெண்பிள்ளைகள் வரிசை, மறுபக்கம் ஆண்கள். அவரும் வந்திருந்தார், வரிசையில் பாதிக்கு மேலே நகர்ந்திருந்தார். டோரதியின் முறை வந்தது. முழங்காலிட்டுத் தொட்டியின் கம்பிக்கு நேரே வாயை வைத்தாள். மெல்லச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நான் மறந்துவிட்டேன். அவளுக்கு ஒன்று முனகல், இல்லாவிட்டால் முழுக்குரல். நடுவில் ஒன்று தெரியாது.

அவள் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் காதில் விழுந்தவர்களும் வெளியே சொல்லக்கூடாது என்று ஞானோபதேசத்தில் இருக்கிறது. அதனால் நான் எழுதவில்லை. நான்கே வார்த்தை; ஏப்ரலில் நான் எழுதியதை இரண்டு முறை படித்த உங்களுக்கு அது தெரியும். உபதேசியார் சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் வரிசையை விட்டு வெளியே வந்தார். முறை போய்விடும் என்று பின்னால் நின்றவர் சட்டையைப் பிடித்தார். இவர் திரும்பவில்லை. டோரதி பீடத்துக்கு முன்னால் வந்து, சாமி பரிகாரமாகச் சொல்லச் சொன்ன பிரியதத்த மந்திரங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். இவர் பக்கத்தில் முழங்காலிட்டுக் கூடவே சொன்னார். அவள் முடித்து எழுந்துவிட்டாள். இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாமி வெளியே வந்து என்னிடம், "வியாழக்கிழமை கூட்டிட்டு வா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், டோரதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள். ஏரிக்கரை தாண்டியதும் அவர் கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"ஏம்மா, தம்பிக்கு என்ன நிறம்?"

அவள் யோசித்தாள். ஒரு மாட்டுவண்டி எங்களைக் கடந்து போகிற வரைக்கும் யோசித்தாள். "கோயிலுக்கு வெள்ளை. வீட்டுக்கு ஊதா" என்றாள்.

"சரி" என்றார் அவர். "அப்பாவுக்கும் அதேதான்" என்றார்.

நேற்று வெள்ளை கவுனைத் தானே போட்டுக்கொண்டாள், கோயிலுக்கு என்று. நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். வீட்டு வாசல்படி ஏறியதும் கவுனைக் கழற்றச் சொன்னாள். அவர் உள்ளே வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார், அவளும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்து அவர் ஊதாவை எடுத்துத் தன் ஆணியில் மாட்டினார். மதர் அம்மாளுக்கு, இடம் வேண்டாம் என்று அவரே தனியாக எழுதிப் போட்டுவிட்டார். இந்த லெட்டருக்கு முன்னால் அது வந்து சேரும்.

டோரதி இன்றைக்குக் காலையிலிருந்து முனகுகிறாள். என்ன பாட்டு என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை அக்கா. என் ஆணி காலியாகத்தான் இருக்கிறது. டோரதி தினமும் வந்து அதைத் தொட்டுப் பார்க்கிறாள். எந்தத் துணியும் எடுத்துத் தருவதில்லை, மாட்டு என்று சொல்வதும் இல்லை. கொஞ்சநேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறாள்.

உங்கள் மூட்டுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன். மதர் அம்மாள் அனுமதித்தால் தேய்த்துக்கொள்ளவும்.

தங்கை,
ஜோசஃபின்